கொத்தனார் போன பிறகு தோட்டத்தைத் தேற்றுவது எப்படி?

பூச்சு வேலை முடிந்து, சாரம் பிரித்து, பெயின்டும் அடித்தாகிவிட்டது. வீடு பளிச்சென்று இருக்கிறது. சுவரோரத் தோட்டத்தைத்தான் பார்க்க முடியவில்லை. உடனே நர்சரிக்குக் கிளம்பிவிடாதீர்கள். இந்த வேலையில் அதிகம் அடிவாங்கியது மண். அதைத் தேற்றாமல் வைக்கிற செடி பிழைப்பது கடினம்.

முதலில் கலவை போட்ட இடத்தைக் கண்டுபிடியுங்கள். சிமென்ட் பால் ஊறி, சாம்பல் நிறத்தில் தட்டுப்போல இறுகியிருக்கும். மண்வெட்டியால் அந்தத் தட்டோடு, அடியிலுள்ள மண்ணையும் மூன்று அங்குலம் சேர்த்து எடுத்து வெளியேற்றிவிடுங்கள். மற்ற இடங்களைக் கொத்தி, மணல் சலிக்கிற சல்லடையிலேயே சலிக்கலாம். செங்கல் துண்டு நாலு கிடந்தால் பரவாயில்லை. காறைக்கட்டிதான் கெடுதல்: அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். சந்தேகமான மண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும்.

பழைய பெயின்டைச் சுரண்டிய வீடு என்றால் கூடுதல் கவனம் தேவை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட், முக்கியமாக கதவு, ஜன்னல், கிரில்லில் அடித்த எனாமல், உதிர்ந்த இடத்தில் ஈயம் இருக்கலாம். தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, செதில்களை மேல்மண்ணோடு வாரிச் சாக்கில் கட்டுங்கள். எரிக்கவே கூடாது. அந்த இடத்தில் கீரையும் கிழங்கும் வேண்டாம். செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வையுங்கள். குழந்தைகள் மண்ணில் விளையாடும் வீட்டில் இதை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.

ஜல்லியும் செங்கலும் குவித்து வைத்திருந்த இடம் கெட்டித்துப் போயிருக்கும். ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் நின்றால், மண் லேசாக ஈரமாக இருக்கும்போது கடப்பாரையால் நெம்பி இளக்க வேண்டும். பிறகு நன்றாக மக்கிய தொழுவுரத்தை இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பிக் கொத்திவிடுங்கள். வழக்கமாகப் போடும் அடுப்புச் சாம்பலையும் முட்டை ஓட்டையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். இரண்டும் காரத்தைக் கூட்டும்.

இதற்குமேல் என் சிபாரிசு தக்கைப்பூண்டு. களர் நிலத்திலேயே வளரக்கூடியது, கெட்டித்த மண்ணிலும் வேர் இறக்கும். நெருக்கமாக விதைத்து, 40-45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். மக்குவதற்கு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். இரண்டு மாதம் தோட்டம் சும்மா கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் கடையில் வாங்கும் எந்த மூட்டை உரமும் இந்த வேலையைச் செய்யாது.

தப்பிப் பிழைத்த மரங்களையும் கவனியுங்கள். அடிமரத்தைச் சுற்றிக் குவிந்த மண்ணை, பழைய தரைமட்டம் தெரியும்வரை விலக்குங்கள். நசுங்கிய வேரைக் கூரான கத்தியால் நேராக வெட்டிவிடுங்கள். முறிந்த கிளையை மட்டும் நறுக்கினால் போதும். வேர் குறைந்த மரத்துக்கு இலைகளும் வேண்டும். புதுத் துளிர் வரும்வரை ரசாயன உரம் வேண்டாம்.

கறிவேப்பிலையின் கொழுந்தைப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இது சகஜம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். புதுச் சுவரில் மட்டும் பட்டுவிடக் கூடாது. துருக்கறை பிடித்தால் போகாது. ஒரு பழைய சாக்கைச் சுவரில் தொங்கவிட்டுத் தெளிப்பது நல்லது.

கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தால், மூடிய மண் ஒரு மழைக்காலம்வரை அமுங்கிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் மேடாகவே விட்டுவையுங்கள். குழாய்க்குமேல் மரம் கூடாது, பூச்செடி போதும். பாத்திகளையும் புதுப் பூச்சை ஒட்டிப் போடாமல் ஒன்றரை அடி தள்ளிப் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், பழைய பெயின்ட் உதிர்ந்த இடத்தை விட்டுவிட்டு, சிறுகீரையைத் தூவிப் பாருங்கள். ஒரு வாரத்தில் சீராக முளைத்த இடத்தில் கத்தரி, மிளகாய் நாற்றை நடலாம். திட்டுத் திட்டாக முளைக்காமல் விட்ட இடத்தை மறுபடி கொத்தினால், உள்ளே ஒரு காறைக்கட்டி பெரும்பாலும் அகப்படும்.