இரண்டு ரூபாய்களும் ஒரு சதவீதக் கணக்கும்

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தின் சதவீதப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். விலை மாறும் பொருள்களைச் சொல்லச் சொன்னதும் தக்காளி, பெட்ரோல், தங்கம் என்று அடுக்கினார்கள். கடைசி வரிசை மாணவி ஒருத்தி மட்டும், “பணத்துக்கும் விலை மாறும் டீச்சர்” என்றாள். மறுநாள் பழைய இலங்கைப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1970-இல் பெற்றோருடன் தமிழகம் வந்தவர்.

“நாங்க வந்தப்போ அந்த ஊரு ரூபாய்தான் இந்த ஊரு ரூபாயைவிடப் பெருசுன்னு தாத்தா சொல்வாரு டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. “நம்ம ஒரு ரூபாய் கொடுத்தா அங்க மூணு ரூபாய்க்கு மேல கிடைக்கும்” என்றான் ஒரு மாணவன். நானும், “பெரியவங்க ஏதோ ஊர்ப் பெருமையில சொல்லியிருப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன். அவள் நோட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டில் பழைய மாற்று விகிதங்களைத் தேடிப் பார்த்தேன். தாத்தா சொன்னதுதான் சரி. மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, “நான் சொன்னது தவறு” என்று சொன்னேன். பிறகு அதையே மூன்று பாடவேளைகளுக்கான செயல்பாடாக மாற்றிக்கொண்டோம்.

ஒரே மதிப்பில் இருந்த காலம்

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவின் வெள்ளி ரூபாய் இலங்கையிலும் செல்லுபடியானது. 1872-இல் இலங்கை ஒரு ரூபாயை 100 சதமாகப் பிரித்துக்கொண்டது. நாம் அணாவை விட்டு நூறு பைசாவுக்கு வந்தது 1957-இல்தான். 1950-இல் இலங்கைக்குத் தனி மத்திய வங்கி வந்தது. அதன் பிறகும் 1966 வரை இரண்டு ரூபாய்களும் சம மதிப்பிலேயே இருந்தன.

செயல்பாடு 1: டாலர் வழியாக ஒப்பிடுதல்

ஒரு டாலரின் விலையைக் கரும்பலகையில் இப்படி எழுதினேன்.

1965: இந்தியா 4.76, இலங்கை 4.76
1966 ஜூன்: இந்தியா 7.50, இலங்கை 4.76
1967 நவம்பர்: இந்தியா 7.50, இலங்கை 5.95
1978: இந்தியா சுமார் 8.20, இலங்கை சுமார் 15.60
2022 தொடக்கம்: இந்தியா சுமார் 75, இலங்கை சுமார் 200
2022 மே: இந்தியா சுமார் 77, இலங்கை சுமார் 360

இந்திய எண்ணை இலங்கை எண்ணால் வகுத்தால், ஓர் இலங்கை ரூபாய்க்கு எத்தனை இந்திய ரூபாய் என்பது கிடைக்கும். குழுக்களாக வகுத்து 1, 1.58, 1.26, 0.53, 0.38, 0.21 என்ற விடைகளைக் கண்டார்கள். 1.26 வந்ததும் எல்லோரும் அந்த மாணவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். 1965-இல் போரும் வறட்சியும் வந்தன, அந்நியச் செலாவணி போதவில்லை. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இலங்கையும் குறைத்தது. 1977-இல் ஜெயவர்த்தன அரசு நிலையான மாற்று விகிதத்தைக் கைவிட்டது. 2022-இல் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு தீர்ந்துபோனது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்திவைத்தது.

செயல்பாடு 2: 36.5 சதவீதமா, 57.6 சதவீதமா?

1966-இல் ரூபாயின் மதிப்பு 36.5 சதவீதம் குறைக்கப்பட்டது என்று பல நூல்களில் இருக்கும். ஆனால் 4.76 என்பது 7.50 ஆனதைக் கணக்கிட்ட பிள்ளைகளுக்கு 57.6 சதவீதம் வந்தது. “புத்தகம் தப்பா டீச்சர்?” என்றார்கள்.

இரண்டுமே சரி. டாலரின் விலை 4.76-லிருந்து 2.74 ரூபாய் உயர்ந்தது; 2.74-ஐ 4.76-ஆல் வகுத்தால் 57.6 சதவீத உயர்வு. ரூபாயின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது 21 சென்ட், பிறகு 13.3 சென்ட்தான். அது 36.5 சதவீத வீழ்ச்சி. அடிப்படை எண் மாறினால் சதவீதமும் மாறும்.

இதற்கு இலங்கையின் 1967 கணக்கு இன்னும் எளிது. 4.76 என்பது 5.95 ஆனது 25 சதவீத உயர்வு; ரூபாயின் மதிப்பில் 20 சதவீத வீழ்ச்சி. மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு இதை முதலில் கொடுப்பது நல்லது.

செயல்பாடு 3: ஆயிரம் ரூபாய் என்ன ஆனது?

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தப்படி, மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. குடும்பங்கள் ஒரே நாளில் வரவில்லை. பல ஆண்டுகளாக வந்தன. 1,000 இலங்கை ரூபாய்ச் சேமிப்பு அறிவிக்கப்பட்ட விகிதப்படி 1970-இல் 1,260 இந்திய ரூபாய். அதே 1,000 ரூபாய் 1978-இல் சுமார் 525 ரூபாய்தான்.

வகுப்பு அமைதியானது. “ரெண்டு பேரும் ஒரே அளவுதானே கொழுந்து பறிச்சிருப்பாங்க?” என்று கேட்டான் முதல் நாள் சிரித்த மாணவன். அந்தக் கேள்விக்கு மேல் நான் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

எண் பெரிதாக இருந்தால் அந்த நாடு ஏழை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். ஜப்பானின் 100 யென் நம் 100 ரூபாயைவிடக் குறைவு; அதனால் ஜப்பான் நம்மைவிட ஏழை நாடு ஆகிவிடாது. விகிதம் எந்தப் பக்கம், எவ்வளவு மாறுகிறது என்பதையும், அந்தப் பணத்தில் அங்கே என்ன வாங்க முடியும் என்பதையும் சேர்த்தே பார்க்கப் பழக்க வேண்டும்.

இன்னொன்று: இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேட்போம். எழுப்பி நிறுத்திக் கேட்க வேண்டாம். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பணம் வரும் வீடுகள் இருந்தால், திர்ஹாமையும் சிங்கப்பூர் டாலரையும் வைத்தே இதே பாடத்தை நடத்தலாம்.

எங்கள் வகுப்பு வரைபடத் தாளில் 1.26 என்ற புள்ளியை அந்த மாணவிதான் குறித்தாள். அதன் அருகில் ‘தாத்தா வந்த வருஷம்’ என்றும் எழுதினாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் செய்தியைச் சரிபார்க்காமல் தள்ளிவிடக் கூடாது என்பது அந்த வாரம் எனக்குக் கிடைத்த பாடம்.