ஆல்ப்ஸ் மலையில் சொகுசு ரயில்: சிக்கனமாகப் போய்வர சில குறிப்புகள்

சுவிட்சர்லாந்தின் கண்ணாடிக் கூரை ரயிலில் ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்ற ஆசை நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. செலவை நினைத்துத் தயங்கும் தோழிகளே, கொஞ்சம் யோசித்துத் திட்டமிட்டால் பர்ஸுக்கு வலிக்காமல் முழு அழகையும் பார்த்துவிடலாம். கைகொடுக்கும் குறிப்புகள் இதோ.

1. இரண்டு பெயர்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை சுமார் 8 மணி நேரம் ஓடுவது கிளேசியர் எக்ஸ்பிரஸ். கூர் நகரிலிருந்து இத்தாலியின் டிரானோ வரை சுமார் நான்கு மணி நேரம் ஓடுவது பெர்னினா எக்ஸ்பிரஸ். ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால் என் ஓட்டு பெர்னினாவுக்கே. நேரம் பாதி, காட்சிக்குக் குறைவில்லை.

2. மிக முக்கியமான குறிப்பு இது: இந்த இரண்டு சொகுசு ரயில்களும் ஓடும் அதே தண்டவாளத்தில்தான் உள்ளூர் மக்கள் ஏறும் சாதாரண ரயிலும் நாள் முழுக்க ஓடுகிறது. அதே பாலம், அதே பனிமலை, முன்பதிவுக் கட்டணம் மட்டும் கிடையாது. செயின்ட் மோரிட்ஸ் – டிரானோ பாதையில் மணிக்கு ஒரு சாதாரண ரயில் கிடைப்பதால் ஒன்றைத் தவறவிட்டாலும் கவலையில்லை.

3. சொகுசு ரயிலில்தான் போவேன் என்பவர்களுக்கு: டிக்கெட் வேறு, இருக்கை முன்பதிவு வேறு. குறிப்பிட்ட நாட்களுக்கு ரயிலில் இஷ்டம்போல் சுற்ற உதவும் ஸ்விஸ் டிராவல் பாஸ் கையில் இருந்தாலும் முன்பதிவுக் கட்டணத்தைத் தனியாகக் கட்டித்தான் ஆக வேண்டும். கோடை விடுமுறையில் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் தேதி முடிவான அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

4. முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று குழம்ப வேண்டாம். கிளேசியர் எக்ஸ்பிரஸில் இரண்டு வகுப்பிலும் கூரை வரை வளையும் அதே பெரிய கண்ணாடி ஜன்னல்தான். முதல் வகுப்பில் வரிசைக்கு மூன்று இருக்கை, இரண்டாவதில் நான்கு. நால்வர் குடும்பம் எதிரெதிரே உட்கார்ந்து போக இரண்டாவதே வசதி.

5. 2019-இல் வந்த எக்ஸலன்ஸ் வகுப்பில் எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கை, பல சுற்று விருந்து என்று தடபுடலாக இருக்கும், கட்டணமும் அப்படியே. திருமண நாள் மாதிரி விசேஷம் இல்லாவிட்டால், அந்தப் பணத்தில் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாகத் தங்குவதே மேல்.

6. ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். தினமும் ஊர் சுற்றுபவர்களுக்கு அது லாபம். ஒரே ஊரில் தங்கி ஓரிரு நாள் மட்டும் ரயில் ஏறுபவர்களுக்கு ஒரு மாதம் செல்லும் பாதிக் கட்டண அட்டை போதும். போக நினைக்கும் பாதைகளை ஒரு தாளில் எழுதி, தனி டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

7. 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் இருந்தால், பாஸ் எடுக்கும்போதே ஃபேமிலி கார்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோருடன் போகும்போது அவர்களுக்கு டிக்கெட் இலவசம். சொகுசு ரயிலில் அவர்கள் உட்காரும் இடத்துக்கு மட்டும் முன்பதிவுக் கட்டணம் உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஓடாது. தீபாவளி விடுமுறையில் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விமான டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். அப்போதும் சாதாரண ரயில்கள் ஓடும். அக்டோபரில் எங்கடின் பள்ளத்தாக்கின் லார்ச் மரங்கள் பொன்னிறமாக மாறி நிற்பதை அதிலிருந்தே கண்ணாரப் பார்க்கலாம்.

9. எந்தப் பக்கம் உட்காருவது? கூரிலிருந்து டிரானோ நோக்கிப் போகும்போது வலப்பக்கம், திரும்பி வரும்போது இடப்பக்கம். லாண்ட்வாசர் பாலம், லாகோ பியாங்கோ ஏரி, புருசியோ வட்டப் பாலம் மூன்றும் அந்தப் பக்கமே வாய்க்கும்.

10. லாண்ட்வாசர் பாலத்தைப் படமெடுக்க ஆசையா? 65 மீட்டர் உயரத்தில் ஆறு வளைவுகளோடு வில்லாக வளைந்து, நேரே பாறைச் சுவரில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறது பாலம். கடைசிப் பெட்டிகளில் இடம் பிடித்தால்தான் முன்னே போகும் எஞ்சினும் வளைவும் ஒரே படத்தில் விழும். வெளியே நின்று ரயிலோடு சேர்த்து எடுக்க நினைப்பவர்கள் ஃபிலிசூர் நிலையத்தில் இறங்கி, நடைபாதையில் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். 1902-இல் கட்டி முடித்த கல் பாலம் இன்றும் அத்தனை ரயில்களையும் தாங்குகிறது. அதைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குவது வீண் போகாது.

11. கண்ணாடிக் கூரைப் பெட்டியின் ஜன்னல் திறக்காது; படத்தில் நம் முகமே பளிச்சென்று விழும். அன்று கறுப்பு அல்லது கருநீல உடை அணிந்து, போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, கறுப்புத் துப்பட்டாவால் சுற்றி மறைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரயிலில் ஜன்னல் திறக்கும் பெட்டி கிடைத்தால் இந்தப் பாடே வேண்டாம்.

12. அந்தக் கூரைக் கண்ணாடியால் தலைக்கு மேலே பெட்டி வைக்கும் தட்டு கிடையாது. பெரிய பெட்டிகளை நிலையத்திலிருந்து நிலையத்துக்கு அனுப்பும் சேவை உண்டு. போன வழியே திரும்புவதாக இருந்தால் நிலையத்தின் லாக்கரில் வைத்துவிட்டு, ஒரு தோள்பையோடு ஏறுங்கள்.

13. "கிளேசியர்" என்ற பெயரை நம்பி பனிப்பாறையைத் தேடிக் கண் பூக்க வேண்டாம். 1982-இல் சுமார் 15 கிலோமீட்டர் நீள ஃபுர்கா சுரங்கம் திறந்தபின், ரோன் பனிப்பாறை தெரிந்த பழைய பாதையில் இந்த ரயில் போவதில்லை. பனிப்பாறை பார்க்க வேண்டுமானால் பெர்னினா பாதையில் ஆல்ப் குரூம் நிலையத்தில் இறங்குங்கள். பாலு பனிப்பாறை எதிரிலேயே நிற்கும். ரயிலை மிகவும் நேசிப்பவர்களுக்கு இன்னொன்று: கைவிட்ட அந்தப் பழைய பாதையை ஆர்வலர்கள் மீட்டு, கோடையில் நீராவி ரயில் ஓட்டுகிறார்கள். வியட்நாமுக்கு விற்ற பழைய எஞ்சின்களைத் திரும்பக் கொண்டுவந்து சீர்செய்து ஓட்டுகிறார்கள் என்றால் அவர்கள் அன்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

14. உயரம் என்றாலே மூச்சு வாங்குமோ என்று பயப்படும் பெரியவர்களுக்கு: பெர்னினா பாதையின் உச்சி 2,253 மீட்டர், கிளேசியர் பாதையின் உச்சியான ஓபரால்ப் கணவாய் 2,033 மீட்டர். நம் ஊட்டியே சுமார் 2,240 மீட்டர். ஊட்டி ஒத்துக்கொண்டவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளும். 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் மட்டும் வேறு கதை. இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

15. பெர்னினா உச்சியிலிருந்து 429 மீட்டரில் உள்ள டிரானோவுக்கு ஒரே ரயிலில் இறங்குவதால், மேலே பனிக்காற்று, கீழே வெயில். ஒரு கனத்த கோட்டுக்குப் பதில் மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால், கழற்றவும் சுலபம், பெட்டியில் இடமும் மிச்சம். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் நேரே இறங்கும். கூலிங் கிளாஸும் சன்ஸ்கிரீனும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

16. பெர்னினா எக்ஸ்பிரஸில் உணவகப் பெட்டி கிடையாது, சிற்றுண்டி, பானங்கள்தான். ஏறும் முன் கூர் நிலையத்துக் கடையில் ரொட்டி, தயிர், பழம் வாங்கிவிடுங்கள். நம் ஊர்ப் பருப்புப் பொடியோ புளிக்காய்ச்சலோ கொண்டுபோனால் பாதிச் செலவு மிச்சம்.

17. ஆனால் நெய், பால்கோவா, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பால், இறைச்சிப் பொருட்களை நம் நாட்டிலிருந்து கொண்டுபோகத் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழமும் கூடாது. பொடி, அப்பளம், எண்ணெயில் வதக்கிய தொக்கு போதும்.

18. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மாலையில் கோப், மிக்ரோஸ் கடைகளில் அன்றைக்கே தீர வேண்டிய உணவுக்கு 25, 50 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த நேரம் பார்த்துப் போனால் இரவுச் சாப்பாடு மலிவாக முடிந்துவிடும்.

19. தண்ணீர் பாட்டில் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஊருக்கு ஊர் தெருவோரக் குழாய்களில் வருவது நல்ல குடிநீர். குடிக்கக் கூடாத குழாயில் மட்டும் எச்சரிக்கைப் பலகை இருக்கும்.

20. நிலையக் கழிப்பறைகளில் பல இடங்களில் காசு வாங்குவார்கள், ரயிலுக்குள் இலவசம். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே முடித்துவிடுங்கள்.

21. செர்மாட்டும் செயின்ட் மோரிட்ஸும் பணக்காரர்களின் ஊர்கள், அறை வாடகை எகிறும். பிரிக், கூர் மாதிரி ஊர்களில் சமையலறையோடு கூடிய வீடு எடுத்துத் தங்கி, காலையில் ரயில் ஏறுங்கள். கூரிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் இரண்டு மணி நேரம்தான். எங்கே தங்கினாலும் விருந்தினர் அட்டை தருவார்களா என்று கேளுங்கள். பல ஊர்களில் அதைக் காட்டினால் பஸ் இலவசம்.

22. கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா, ஃபிராங்கா என்று இயந்திரம் கேட்கும். எப்போதும் ஃபிராங்கையே அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் நஷ்டம் நமக்கு.

23. மெல்லிய இரண்டு முள் கொண்ட போன் சார்ஜர் அங்குள்ள பிளக்கில் பொருந்திவிடும். தடித்த மூன்று முள் உள்ளதற்குத்தான் அடாப்டர் வேண்டும். அதை இங்கேயே வாங்கிப் போனால் விலை குறைவு.

24. எட்டு மணி நேரப் பயணத்தில் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து பாலங்களையும் சுரங்கங்களையும் எண்ணச் சொல்லுங்கள்: கிளேசியர் பாதையில் பாலங்கள் 291, சுரங்கங்கள் 91. பெர்னினா பாதையில் போனால் புருசியோவில் மட்டும் நோட்டை மூடிவைத்துவிட்டு வெளியே பார்க்கட்டும். ஒன்பது வளைவுகள் கொண்ட வட்டப் பாலத்தில் சுற்றி இறங்கி, ரயில் தான் வந்த பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகும்.

25. மேட்டுப்பாளையம் – குன்னூர் ரயிலில் போன பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். கிளேசியர் பாதையின் செங்குத்தான ஏற்றங்களில் ரயிலைப் பிடித்து ஏற்றும் பற்சக்கர முறை நம் நீலகிரி ரயிலில் இருக்கும் அதே ஆப்ட் முறைதான். இரண்டுமே மீட்டர் கேஜ். நீலகிரியின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் பிறந்ததும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில்தான். பெர்னினா பாதையில் பற்சக்கரமே கிடையாது. 14 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவிலும் சாதாரணச் சக்கரத்தாலேயே ஏறிவிடுகிறது.

26. கிளேசியர் எக்ஸ்பிரஸ் கூர் நிலையத்தில் திசை மாறும். முன்னோக்கி இருந்த இருக்கை பின்னோக்கியாகிவிடும். தலைசுற்றல் உள்ளவர்கள் எதிர் இருக்கைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்து அங்கே இடம் மாற்றிக்கொள்ளுங்கள். இஞ்சி மிட்டாய் நாலு பையில் இருந்தால் இன்னும் நல்லது.

27. டிரானோ வரை போகிறவர்கள் அதே வழியில் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. சூரிச்சில் இறங்கி மிலானில் விமானம் ஏறுகிற மாதிரி டிக்கெட் எடுத்தால், டிரானோவிலிருந்து மிலானுக்கு இத்தாலி ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். ஷெங்கன் விசா இரு நாட்டுக்கும் செல்லும். ஸ்விஸ் பாஸ் மட்டும் டிரானோவோடு நின்றுவிடும் என்பதால் அங்கிருந்து தனி டிக்கெட் எடுங்கள். காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறும் முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அபராதம்.