எழுத்துக்கு ஓர் எண்

திருவண்ணாமலையில் தோன்றியவர் அருணகிரிநாதர் என்பது மரபு. அவர் அருளிய திருப்புகழை அவ்வூர் மாணவரும், கடல் கடந்து வாழும் தமிழரும் இன்று தத்தம் கணினியிலேயே படிக்கின்றனர். இஃது எவ்வாறு இயன்றது?

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். முன்னர் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களை வழங்கிற்று. ஆதலால், விண்டோசுக் கணினியில் ஒருவர் எழுதியது, மெக்கிண்டாசுக் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுதல் உண்டு. பலர் கூடி ஒரு நூலை உருவாக்குதல் அரிதாயிற்று.

1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அதனை ஒருங்கிணைத்தார். பல நாட்டு அன்பர்கள் ஊதியம் கருதாது தமிழ் நூல்களைத் தட்டெழுதினர்; வேறு சிலர் பிழை களைந்தனர். கணினிகள் வேறாயினும், அனைவரும் பொதுக் குறியீடு ஒன்றைக் கைக்கொண்டனர். அவ்வாறு வெளிவந்த நூல்களுள் திருப்புகழும் ஒன்று.

பின்னர் அத்திட்டம் உலகப் பொதுவான ஒருங்குறிக்கு மாறிற்று. அதில் 'அ' என்னும் எழுத்துக்குரிய எண் 2949. எக்கணினியிலும் அது மாறாது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது.

மாணவர்களே! பலர் கூடிச் செய்யும் பணிக்கு ஆர்வம் மட்டும் போதாது. அனைவரும் ஒப்பிய ஒழுங்கும் வேண்டும்.