வீட்டு அகலப்பட்டை இணைப்பை வேறோர் அறைக்கு விரிவாக்கல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்
பாடப்பகுதி: கணினி வலையமைப்புகள்

பிரச்சினை

ஒரு வீட்டின் முன்னறையில் இணைய இணைப்புடன் கூடிய வழிப்படுத்தி (ரவுட்டர்) உள்ளது. 18 மீற்றர் தூரத்திலுள்ள பின்னறையில் மேசைக் கணினி ஒன்றும் வலையமைப்பு அச்சுப்பொறி ஒன்றும் உள்ளன. இரண்டிலும் ஈதர்நெட் துறை மட்டுமே உண்டு. வைஃபை வசதி இல்லை. இவற்றை எவ்வாறு இணைக்கலாம்? இதற்காக இரண்டாவது இணைய இணைப்பைப் பெற வேண்டியதில்லை.

அடிப்படை விதி

வழிப்படுத்தி, வீட்டு வலையமைப்பை இணையத்துடன் இணைக்கின்றது, அத்துடன் டி.எச்.சி.பி. சேவை மூலம் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐ.பி. முகவரி வழங்குகின்றது. சாதாரண வீட்டு வலையமைப்பில் முகவரி வழங்கும் சாதனம் ஒன்றே இருத்தல் வேண்டும். கீழுள்ள மூன்று முறைகளும் இவ்விதியையே பின்பற்றுகின்றன.

முறை 1: வடமும் ஆளியும்

வழிப்படுத்தியின் லேன் துறையிலிருந்து முறுக்கிய சோடி வடமொன்றைப் பின்னறைக்குக் கொண்டுசென்று ஆளியுடன் (சுவிட்ச்) இணைக்குக. கணினியையும் அச்சுப்பொறியையும் அவ்வாளியுடன் இணைக்குக. ஆளி முகவரி வழங்காது. எனவே அமைப்பு மாற்றம் எதுவும் தேவையில்லை. இதுவே எளிமையானதும் நம்பகமானதுமான முறையாகும்.

கவனிக்குக:
• இவ்வடத்தின் உச்ச நீளம் 100 மீற்றர் ஆகும். 18 மீற்றர் இவ்வெல்லைக்குள் அடங்கும்.
• வடத்தின் இரு முனைகளிலும் 8 ஊசிகளுடைய ஆர்.ஜே.-45 இணைப்பி பொருத்தப்படும்.
• மின்சார வயர்களுடன் சேர்த்துக் கட்டலாகாது.

முறை 2: பழைய வழிப்படுத்தியை ஆளியாகப் பயன்படுத்தல்

1. பழைய வழிப்படுத்தியின் முகவரியை மாற்றுக. முதலாவதன் முகவரி 192.168.1.1 எனின், இதற்கு 192.168.1.2 என வழங்கலாம். இவ்வெண்ணை முதலாவது வழிப்படுத்தி வேறு சாதனத்துக்கு வழங்காதவாறு பார்த்துக்கொள்க.
2. அதன் டி.எச்.சி.பி. சேவையை நிறுத்துக.
3. வடத்தை இரண்டிலும் லேன் துறைகளிலேயே இணைக்குக. பழையதன் இணையப்பக்கத் துறையில் இணைத்தால் பொதுவாகப் பின்னறை தனி வலையமைப்பாகிவிடும். முன்னறைக் கணினியால் அச்சுப்பொறியைக் கண்டறிய முடியாது போகலாம்.

முறை 3: கம்பியில்லாப் பாலம்

சுவரில் துளையிட முடியாத வீடுகளுக்கு, வாடகை வீடுகளுக்கு இது பொருத்தமானது. கம்பியில்லாப் பாலமாகத் தொழிற்படக்கூடிய சாதனமொன்று முன்னறையின் வைஃபை சமிக்ஞையைப் பெற்று, தனது ஈதர்நெட் துறை வழியே பின்னறைச் சாதனங்களுக்கு வழங்கும். சுவர்களும் தூரமும் சமிக்ஞையை நலிவடையச் செய்வதால் வேகம் குறையலாம்.

வழு கண்டறிதல்

விண்டோஸ் கணினியின் முகவரி 169.254 எனத் தொடங்கினால், அதற்கு டி.எச்.சி.பி. முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள். முதலில் வடத்தையும் இணைப்பிகளையும் பரீட்சிக்குக. முகவரி சரியாக இருந்தும் இணையம் இல்லையெனில், நுழைவாயில் முகவரியைப் பார்க்க. அது 192.168.1.2 எனின், பழைய வழிப்படுத்தியின் டி.எச்.சி.பி. இன்னும் இயங்குகின்றது.

உதாரணக் கணக்கு

இணைய வேகம் 12 Mbps எனவும் உள்ளக வலையமைப்பின் வேகம் 100 Mbps எனவும் கொள்க. 90 மெகாபைற்று அளவுள்ள கோப்பைப் பெற எடுக்கும் நேரம் யாது?

கோப்பின் அளவு = 90 × 8 = 720 மெகாபிற்று
இணையத்திலிருந்து: 720 ÷ 12 = 60 செக்கன்
முன்னறைக் கணினியிலிருந்து: 720 ÷ 100 = 7.2 செக்கன்

இவை கொள்கையளவிலான பெறுமானங்கள்; நடைமுறையில் சற்றுக் கூடுதலாகும். ஆளியைச் சேர்ப்பதால் இணைய வேகம் அதிகரிப்பதில்லை என்பதையும் இதிலிருந்து விளங்கிக்கொள்க. 12 Mbps வேகத்தையே வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

மாதிரி வினா

பின்னறையில் பழைய வழிப்படுத்தி ஒன்றைப் பொருத்திய பின்னர், சில சாதனங்களுக்கு மட்டும் இணையம் கிடைக்கவில்லை. காரணத்தையும் தீர்வையும் தருக.

விடை: இரு சாதனங்கள் டி.எச்.சி.பி. மூலம் முகவரி வழங்குகின்றன. பழையதிலிருந்து முகவரி பெற்ற சாதனங்கள், இணைய இணைப்பில்லாத அதனையே நுழைவாயிலாகக் கொள்கின்றன. பழைய வழிப்படுத்தியில் டி.எச்.சி.பி. சேவையை நிறுத்தி, அச்சாதனங்களை மீள இணைத்தல் வேண்டும்.

காரணம், தீர்வு ஆகிய இரண்டையும் எழுதுக; “இணைப்புப் பிழை” என்று மட்டும் எழுதுவது போதிய விடையாகாது.