உளுந்துக்கு யூரியா மட்டும் போதாது

செங்கற்பட்டு வட்டாரத்தில் தை, மாசிப் பட்டத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் விவசாயிகள், இலை சற்று வெளிறினாலே யூரியா தூவுவதுண்டு. செடி பசேலென்று தழைக்கும். காய் அதற்கேற்பப் பிடிக்காது. ஏன் என்பதை வேரைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

வேர் முடிச்சின் வேலை

பயறுச் செடியின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா வாழ்கிறது. 1888-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜரிங்க் இதைத் தனியே பிரித்தெடுத்தார். செடி இதற்குச் சர்க்கரை அளிக்கிறது. இது காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறது. மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துக் கொள்ளும். யூரியாவுக்குச் செலவழித்து, இலவசமாய் வருவதை இழக்கிறோம்.

முடிச்சு வேலை செய்ய மணிச்சத்து அவசியம். அது குறைந்தால் வேரும் பரவாது, முடிச்சும் பெருக்காது. மற்றச் சத்துக்களையும் செடி சரிவர எடுக்காது. ஆகவே நுண்ணுயிரையும் மணிச்சத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

விதை நேர்த்தி

ஏக்கருக்கு வேண்டிய 8 கிலோ விதைக்கு, 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் ஒன்று, பாஸ்போபாக்டீரியா பொட்டலம் ஒன்று போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் 15 நிமிடம் உலர்த்தி உடனே விதைக்கவும். பூசண மருந்து கலந்த விதையானால் 24 மணி நேரம் கழித்தே நுண்ணுயிர் சேர்க்க வேண்டும். பொட்டலத்தில் பயிரின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

அடியுரம்

மானாவாரிக்கு ஏக்கருக்கு யூரியா 11 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 62 கிலோ, பொட்டாஷ் 8 கிலோ. இறவைக்கு இதைப்போல் இரு மடங்கு. சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகச் சத்தும் கிடைக்கிறது. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி இடவும்.

கடலோர மணல்

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பகுதி மணற்பாங்கான நிலங்களில் உரம் நீரோடு கீழே இறங்கிவிடும். மேல்மண் சூடேறினால் பாக்டீரியாவும் மடியும். அங்கே தொழு உரம் தாராளமாக இட்டு, ஈரத்தில் விதைக்க வேண்டும். உப்பு நீர் பாய்ச்சினால் செடி வாடுமுன்பே முடிச்சு பாதிக்கப்படும்.

நீங்களே பாருங்கள்

விதைத்த 30-ம் நாள் ஐந்தாறு செடிகளை மண்ணோடு மண்வெட்டியால் பெயர்த்து, நீரில் அலசி, முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, யூரியா தேவையில்லை. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அப்போது பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் 2 சத டி.ஏ.பி. கரைசலைத் தெளிக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் ஊற வைத்து, தெளிந்த நீரை 200 லிட்டராக்கித் தெளிக்கவும்.

வயலின் ஓர் ஓரத்தில் நான்கு பாத்திகளை மட்டும் நுண்ணுயிர் கலக்காமல் விதைத்து, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போடுங்கள். உங்கள் மண்ணுக்கு இது பலன் தருகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.