வெங்காய வேரை எறிய வேண்டாம்: வந்த புதிதில் சாப்பாடு பற்றி ஒரு பாடம்



இந்த முறை சாப்பாடு பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி சிரித்தார். "சாப்பிடுறதுக்கும் பாடமோ ரீச்சர்?" என்றார். ஓம், பாடம்தான். ஏன் என்று சொல்லுகிறேன்.

சில காலத்துக்கு முன் ஒரு இளைஞர் எங்களிடம் வந்தார். ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டிருந்தவர். வந்தது கேஸ் விஷயமாக. ஆனால் கதிரையில் இருந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். விசாரித்துப் பார்த்தால், ஆறு கிழமையாகப் பாணும் தேத்தண்ணியும்தான் சாப்பாடு. மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டுப் பிள்ளை. பெட்டியில் அடைத்து வரும் சாப்பாட்டில் எது மாடு, எது ஆடு என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். "சாப்பாட்டைப் பற்றி முறைப்பாடு செய்தால் கேசுக்குப் பிழை வரும்" என்று அறையில் கூட இருந்தவர் சொல்லிவைத்திருக்கிறார். அந்த நிலையிலேயே பெரிய இன்ரவியூவுக்கும் போயிருக்கிறார். பசிக் களையில் தலை சுற்ற, தன்னைப் பிடித்த திகதியையும் விட்ட திகதியையும் மாற்றிச் சொல்லிவிட்டார். அதைத் திருத்திக் கடிதம் எழுத அவருடைய சொலிசிட்டர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆகவே முதலில் இதைத் தெளிவாக மனதில் வையுங்கோ. சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதால் உங்கள் கேசுக்கு ஒன்றும் ஆகாது. ஹோட்டலை நடத்துபவர்கள் ஹோம் ஒஃபிஸிடம் ஒப்பந்தம் எடுத்த கம்பனிக்காரர். உங்கள் கேசுக்கு முடிவு சொல்லுபவர்கள் வேறு ஆட்கள். மரக்கறி வேண்டுமென்றால், ஹலால் வேண்டுமென்றால், நீரிழிவுக்காரருக்கு வேறு சாப்பாடு வேண்டுமென்றால், வரவேற்பு மேசையில் சொல்லுங்கோ. சொல்லியும் நடக்காவிட்டால் மைகிரன்ற் ஹெல்ப் நிறுவனத்துக்கு 0808 8010 503 என்ற இலக்கத்தில் எடுங்கோ. காசில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், "ரமில்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தருவார்கள். யாரோடு, எந்தத் திகதியில் கதைத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கோ. பழைய ரீச்சரின் குணம், கொப்பி இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது.

இன்ரவியூ அன்று காலை கட்டாயம் சாப்பிட்டுவிட்டுப் போங்கோ. பையில் ஒரு வாழைப்பழமும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கட்டும். இடையில் களைப்பாக இருந்தால் "ஐ நீட் எ பிறேக்" என்று சொல்லலாம். அது உங்கள் உரிமை.

கடையில் படிக்க வேண்டிய எழுத்துக்கள்

வீடோ, குசினியுள்ள அறையோ கிடைத்த பிறகு சமையல் உங்கள் கையில். அஸ்பென் கார்ட்டில் வரும் காசு எவ்வளவு என்பது உங்கள் கடிதத்தில் இருக்கும். 2024 ஜனவரியில் இது தானே சமைப்பவருக்குக் கிழமைக்கு 49.18 பவுண், சாப்பாடு தரும் இடத்தில் இருப்பவருக்கு 8.86 பவுண் என்று வைக்கப்பட்டது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மேலதிகமாகக் கொஞ்சம் உண்டு. அதைக் கேட்டு எடுக்க வேண்டும். அந்தக் காசுக்குள் சாப்பாடு, சவர்க்காரம், போன், பஸ் எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் கடையில் கண் கூர்மையாக இருக்க வேண்டும்.

பைக்கற்றில் இரண்டு வகைத் திகதி இருக்கும். "யூஸ் பை" என்றால் அந்தத் திகதிக்குப் பிறகு சாப்பிடக்கூடாது. இறைச்சி, மீன், சில பால் சாமான்களில் இது இருக்கும். மணம் சரியாக இருந்தாலும் தொடாதேங்கோ. "பெஸ்ற் பிபோர்" என்றால் அந்தத் திகதிக்குப் பிறகு ருசி கொஞ்சம் குறையலாம், பழுதில்லை. பருப்பு, அரிசி, பிஸ்கற், ரின் சாமான்களில் இதுதான். இந்த இரண்டையும் மாறி விளங்கிக்கொண்டு நல்ல பருப்பைக் குப்பையில் போட்டவர்களையும், பழைய கோழியைச் சமைத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களையும் நான் கண்டிருக்கிறேன். பின்னேரங்களில் பெரிய கடைகளில் மஞ்சள் துண்டு ஒட்டி விலை குறைப்பார்கள். நேரம் கடைக்குக் கடை வித்தியாசம். இரண்டு மூன்று நாள் போய்ப் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும். "யூஸ் பை" திகதி முடிய முன்னர் பிறீசரில் வைத்தால் இறைச்சியைப் பிறகும் பாவிக்கலாம்.

லண்டனில் ரூட்டிங், ஈஸ்ற்ஹாம், வெம்பிளி பக்கம் இருப்பவர்களுக்கு எங்கள் கடைகள் உண்டு. ஆனால் இப்போது பலரை மிடில்ஸ்பரோ, ஸ்ரோக், பிராட்போர்ட் என்று தூர இடங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பாகிஸ்தான், வங்காளக் கடைகளைத் தேடுங்கோ. எங்கள் சாமான் எல்லாம் வேறு பெயரில் இருக்கும். மைசூர்ப் பருப்பு அங்கே மசூர் டால், வெந்தயம் மேத்தி, வெண்டிக்காய் பிண்டி, பாகற்காய் கறேலா. வெள்ளைக்காரரின் கடையில் மைசூர்ப் பருப்புக்கு "றெட் லென்ரில்ஸ்" என்று பெயர்.

பெயரை நம்பி ஏமாறவும் வேண்டாம். நான் வந்த முதல் மார்கழியில் "மின்ஸ்மீற்" என்று எழுதிய போத்தல் ஒன்றை மலிவாகக் கண்டு வேண்டிவந்தேன். அரைத்த இறைச்சி என்று நினைத்து வெங்காயம் தாளித்து, மிளகாய்த்தூளும் போட்டுக் கொட்டினால் முந்திரிகை வற்றலும் சீனியும் அப்பிளும்! நத்தார்ப் பலகாரத்துக்குள் வைக்கும் இனிப்பு அது. அதையும் அன்று சோற்றோடு சாப்பிட்டு முடித்தோம், காசு குடுத்த சாமான் அல்லவா. மறுவளமாக "பிளாக் புடிங்" என்பது இனிப்பல்ல, பன்றி இரத்தத்தில் செய்வது. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் "வெஜிற்றேரியன்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கோ. "வீகன்" என்றிருந்தால் பால், முட்டையும் சேர்க்கவில்லை என்று அர்த்தம்.

எறிகிற சாமானில் ஒரு கறி

கோலிஃபிளவர் வேண்டினால் சுற்றியிருக்கும் பச்சை இலையை இங்கே எல்லோரும் வெட்டி எறிகிறார்கள். எறியாதேங்கோ. மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், உலர்ந்த தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்தால் முட்டைக்கோவா வறை தோற்றுப்போகும். பீற்றூட் இலை, முள்ளங்கி இலை எல்லாம் கீரை போலச் சமைக்கலாம்.

ஆனால் ஒரு இலையில் கவனம். வெள்ளைக்காரத் தோட்டங்களில் "றூபாப்" என்று ஒன்று வளரும். சிவந்த தண்டு, அகலமான பச்சை இலை. தண்டை மட்டும் சீனி போட்டு அவித்து உண்பார்கள். இலை நஞ்சு. கீரை என்று நினைத்து ஆய்ந்துவிடாதேங்கோ. பச்சை நிறமாகிய உருளைக்கிழங்கும் அப்படித்தான், கசக்கும், உடம்புக்கு ஆகாது. உணவு வங்கியில் உலர்ந்த சிவப்புப் போஞ்சி விதை தந்தால் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, பிறகு அவியும்வரை அவியுங்கோ. அரைவேக்காட்டில் அது வயிற்றைப் பிரட்டிவிடும். ரின்னில் வருவது ஏற்கெனவே அவித்தது, பயமில்லை.

இனி வளர்க்கிற விஷயம். ஹோட்டல் அறையில் சமைக்க விடமாட்டார்கள். ஒளித்து றைஸ் குக்கர் வைத்து நெருப்பு அலாரம் அடித்து, முழு ஹோட்டலும் நடுச்சாமத்தில் றோட்டில் நின்ற கதையும் நடந்திருக்கிறது. ஆனால் யன்னல் ஓரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைக்க ஒருவரும் தடை சொன்னதை நான் அறியேன். "ஸ்பிறிங் அனியன்" என்ற தாள் வெங்காயத்தை வேரோடு விற்கிறார்கள். பச்சையைச் சாப்பிட்டுவிட்டு வேரோடு இரண்டு விரற்கடை வெள்ளைத் தண்டை விடுங்கோ. வேர் மட்டும் தாழத் தண்ணீர் விட்டு நிறுத்துங்கோ. ஒன்றுவிட்ட ஒருநாள் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாறும். ஒரு கிழமையில் பச்சைத்தாள் திரும்ப வளரும். உப்புச் சப்பில்லாத ஹோட்டல் சாப்பாட்டின் மேல் அரிந்து போட்டால் கொஞ்சம் வாய் விளங்கும். இரண்டு மூன்று தரம் வெட்டலாம். பிறகு அதற்குச் சக்தி இல்லை, மண்ணில் ஊன்றினால் இன்னும் கொஞ்சக் காலம் நிற்கும்.

அடுத்தது வெந்தயம். சமையலுக்கு வேண்டும் அதே வெந்தயம்தான், விதைக்கடைக்குப் போகத் தேவையில்லை. ஒரு பிடியை இரவு ஊறவைத்து, ஸ்ரோபெரி வரும் பிளாஸ்ரிக் பெட்டியில் மண் போட்டு நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் மூடுங்கோ. அந்தப் பெட்டியில் ஏற்கெனவே துளை இருப்பதால் தண்ணீர் தேங்காது, கீழே ஒரு தட்டை வையுங்கோ. நாலைந்து நாளில் முளைக்கும். கோடையில் இரண்டு மூன்று கிழமையில் பருப்புக்குள் போட வெந்தயக்கீரை தயார். கொத்தமல்லிக்குப் பொறுமை வேண்டும். விதையைப் போத்தலால் மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளந்து போட வேண்டும். முளைக்க இரண்டு மூன்று கிழமைகூட எடுக்கும், சில பைக்கற்றுகள் முளைக்காமலும் போகும். புதினாத் தண்டின் கீழ் இலைகளை எடுத்துவிட்டுத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். முளைவிட்ட உள்ளிப் பல்லை மண்ணில் ஊன்றினால் தாள் வரும்.

கறிவேப்பிலைக் கெட்டைத் தண்ணீரில் வைத்து வேர் வருமென்று காத்திருக்காதேங்கோ. நானும் இரண்டு வருஷம் முயன்று கைவிட்டேன். கார்த்திகை, மார்கழியில் எதுவும் மெதுவாகத்தான் வளரும், பகல் வெளிச்சம் மிகவும் குறைவு. உங்கள் கை பிழை என்று நினைக்க வேண்டாம். ஹீற்றருக்கு மேலேயும் வைக்க வேண்டாம், வேர் அவிந்துபோகும்.

வெளியில் சாப்பிடப் போனால்

இங்கிலிஷ் வகுப்பில் கூடப் படிப்பவர் "கோபி குடிப்போம், வாரும்" என்று கூப்பிடுவார். எங்கள் ஊர் வழக்கப்படி கூப்பிட்டவர்தான் காசு குடுப்பார் என்று நினைத்துப் போய் அந்தரப்படாதேங்கோ. இங்கே அவரவர் காசு அவரவர். வட இங்கிலாந்தில் "ரீக்கு வாருங்கள்" என்றால் அநேகமாக இராச்சாப்பாடு. நான் நாலு மணிக்குப் பிளேன்ரீ குடிக்கப் போய், கோழியும் கிழங்கும் வந்து இறங்க, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்த நான் முழித்த முழி!

ரெஸ்ரோறன்றில் தண்ணீர் கேட்டால் போத்தலைக் கொண்டுவந்து காசு போடுவார்கள். "ரப் வோற்றர் பிளீஸ்" என்று கேளுங்கோ. மதுபானம் விற்க லைசென்ஸ் உள்ள இடங்கள் கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் 2010இலிருந்து உள்ள விதி. பில்லில் "சேர்விஸ் சார்ஜ்" என்று பத்து, பன்னிரண்டு வீதம் சேர்த்திருப்பார்கள். பக்கத்தில் "ஒப்ஷனல்" என்று இருந்தால் விருப்பப்பட்டுக் குடுப்பது, எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. கச்சான், எள்ளு, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் "ஐ ஹாவ் அன் அலேர்ஜி" என்று முதலே சொல்லுங்கோ. 14 வகைப் பொருட்கள் சாப்பாட்டில் உள்ளனவா என்று சொல்ல வேண்டியது கடைக்காரரின் கடமை. 2014 டிசம்பரில் வந்த விதி இது.

காசில்லாத நாளில் சீக்கியரின் குருத்துவாராவுக்குப் போகலாம். எந்த மதத்தவருக்கும் லங்கர் என்ற மரக்கறிச் சாப்பாடு இலவசம். தலையை மூடி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நிலத்தில் எல்லோரோடும் இருந்து சாப்பிட வேண்டும். எங்கள் கோயில்களின் அன்னதானமும் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால், நீங்கள் அசைலம் உதவிப்பணம் எடுப்பவரென்றால், அவர்களுக்கு இலவச மதியச் சாப்பாடு உண்டு. பள்ளிக்கூட அலுவலகத்தில் ஹோம் ஒஃபிஸ் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கோ. உணவு வங்கிக்குப் பெரும்பாலும் ஒரு துண்டு வேண்டும், அதை எங்களிடம் எடுக்கலாம். ஊரில் பத்துப் பேருக்குச் சோறு போட்ட ஒரு ஐயா அந்தத் துண்டை வேண்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று கிழமை போகாமலே இருந்தார். பிறகு நானும் கூடப் போனேன். இப்போது அவர் அங்கே வியாழக்கிழமைகளில் பெட்டி அடுக்க உதவுகிறார்.

அது தொண்டு, செய்யலாம். இதைப் போன்ற இன்னொன்று இருக்கிறது, அதைச் செய்யக்கூடாது. "காசு தரமாட்டன், ரெண்டு நேரச் சாப்பாடு தாறன், குசினியிலை வந்து கோப்பை கழுவு" என்று சில கடைக்காரர் கேட்பார்கள். எங்கள் ஆட்களும் கேட்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். சம்பளத்துக்குப் பதில் சாப்பாடு வேண்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது வேலைதான். அசைலம் கேட்டிருப்பவருக்கு, அனுமதிக் கடிதம் இல்லாமல், வேலை செய்ய முடியாது. பிடிபட்டால் உதவிப்பணத்துக்கும் கேசுக்கும் பிரச்சினை. அப்படி யாராவது கேட்டிருந்தால், ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தாலும், பயப்படாமல் வந்து சொல்லுங்கோ. நாங்கள் ஒருவரையும் காட்டிக்கொடுப்பதில்லை. சொலிசிட்டரோடு கதைக்க ஒழுங்கு செய்வோம்.

எங்கள் வாசல் மேசையில் ஒரு போத்தல் நிறைய வெந்தயமும் கழுவிய ஸ்ரோபெரிப் பெட்டிகளும் வைத்திருக்கிறேன். வருகிறபோது ஒரு பிடி எடுத்துக்கொண்டு போங்கோ. மண்தான் முடிந்துவிட்டது, அடுத்த செவ்வாய் கொண்டுவருவேன்.