ஒரே ஏரியல், இரண்டு ரேடியோ

அன்புள்ள சின்னவனுக்கு,

லிந்துலையில் இன்னும் குளிர் விட்டபாடில்லை என்று உங்கம்மா சொன்னாள். நீ மட்டும் நடுச்சாமம் வரை இஸ்தோப்பில் ரேடியோவோடு உட்கார்ந்திருக்கிறாயாம். ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்ததிலிருந்து வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, காற்றோடுதான் பேச்சு என்று அவளுக்கு மனத்தாங்கல். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி நம்ம லயத்துப் பிள்ளைக்கு வரும் என்று பெரட்டுக்களத்தில் நின்றே காலம் கழித்த உங்க தாத்தா கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

நீ போனில் அனுப்பின படத்தைப் பார்த்தேன். தகரத்துக்கு மேலே ஒரே ஏரியல். (அன்டெனா என்று சொல்லாவிட்டால் உனக்கு மூக்கு சிவக்கும், தெரியும்.) மேசையில் 2 மீட்டருக்கு ஒரு ரேடியோ, 70 சென்டிமீட்டருக்கு ஒன்று. அந்த மலைக் காற்றில் இரண்டு கம்பம் நட்டு நிறுத்துவது லேசில்லை. கிடைத்த உயரத்தை ஒரே கம்பத்துக்குக் கொடுத்தது நல்ல யோசனைதான். ஆனால் படத்தின் ஓரத்தில், இரண்டு ரேடியோவையும் அந்த ஏரியலோடு சேர்க்கும் ஒரு 'டீ' கனெக்டர் தெரிந்ததே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக எந்த டீயையும் நம்பிவிடுவதா? நானும் ஒருகாலத்தில் நம்பினேன். கூட்டாளியிடம் இரவல் வாங்கிய ரேடியோ என் அவசரத்தில் காது செத்துப்போனது. பேசும், ஒன்றும் கேட்காது. ஆறு மாதம் அவன் முகத்தில் முழிக்காமல் திரிந்தேன்.

கணக்கு சின்னதுதான். 25 வாட்டில் பேசும்போது 50 ஓம் கேபிளில் 35 வோல்ட் ஓடும். பக்கத்து ரேடியோவின் காதோ ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு துணுக்கைவிடக் குறைந்ததையும் கேட்கப் பழகியது. டீ இரண்டையும் ஒரே குழாயில் கட்டிவிடுகிறது. அணைத்து வைத்தால் தப்பும் என்று நினைக்காதே. சுவிட்ச்சை அணைத்தாலும் கேபிள் மாட்டித்தானே இருக்கிறது?

வேண்டியது டிப்ளெக்சர். உள்ளே இரண்டு வடிகட்டி: தாழ்ந்த அலைவரிசைக்கு ஒரு வழி, உயர்ந்ததற்கு ஒரு வழி. நல்லது என்றால் 60 டெசிபல் பிரிக்கும். உன் 25 வாட் அடுத்த பக்கத்துக்குப் போகும்போது பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். கடையில் டூப்ளெக்சர் என்றும் சொல்லிக் கொடுப்பார்கள். பேரைப் பார்க்காதே, பெட்டியில் ஒவ்வொரு வாய்க்கும் எழுதியிருக்கும் மெகாஹெர்ட்ஸைப் பார். இரண்டு ரேடியோவையும் ஒரே பட்டைக்குத் திருப்பினால் அந்தப் பெட்டியும் உதவாது. இன்னொன்றும் உண்டு: 2 மீட்டர் ரேடியோவின் 145 மெகாஹெர்ட்ஸை மூன்றால் பெருக்கினால் 435, அது உன் மற்ற ரேடியோவின் வாசல். நீ பேசும்போது அது கீச்சிட்டால் பயப்படாதே, கொஞ்சம் அலைவரிசையை மாற்று.

வாய்களுக்குச் சிவப்பும் நீலமுமாக டேப் சுற்று, கேபிளின் இரண்டு நுனியிலும் அதே நிறம். மாற்றி மாட்டினால் வடிகட்டி சக்தியைத் திருப்பி உன் ரேடியோவுக்கே அனுப்பும். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், நீ எதையும் மாற்றி மாட்டுகிற ஆள்; உன் செருப்பைப் பார்த்தாலே தெரியும். முதலில் குறைந்த சக்தியில், திரும்பி வருவதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டு.

இன்னொன்று, நம்ம ஊர் பனி. கேபிளுக்குள் நனைந்தால் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் கெடும். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைத் தொங்க விட்டு வளை, தண்ணீர் அங்கேயே சொட்டட்டும். சித்திரை மத்தியான இடிக்கு முன்னாலேயே கழற்றிவிடு. ஒரே ஏரியல் என்றால் ஒரே மின்னலில் இரண்டும் போகும்.

ஏன் இத்தனை படபடப்பு என்பாய். 2004 டிசம்பர் சுனாமியில் போன் எல்லாம் செத்தபோது ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்போடு பேச வழி செய்தவர்கள், 4எஸ்7விகே விக்டர் குணதிலக்கவைப் போன்ற உன் வகை ஆட்கள்தான். நம்ம மலையிலும் மண் சரியும், பாதை அறுபடும். அன்றைக்கு உன் மேசையில் காது செத்த ரேடியோ இருக்கக்கூடாது.

டிப்ளெக்சருக்குக் காசு நான் அனுப்புகிறேன், அம்மாவிடம் கேட்காதே. அது வரும்வரை ஒரு நேரத்தில் ஒரு ரேடியோவை மட்டும் மாட்டி வை. அந்த டீயைக் கழற்றியதும் எனக்குப் படம் அனுப்பு.

அன்புடன்,
மாமா